பர்ன் பிட் புகையால் வந்த ஆஸ்துமாவுக்கு வி.ஏ. கிளெய்ம்: கணவர் போட மாட்டேன் என்கிறார், எங்கிருந்து தொடங்குவது?

மீனாள்_டெக்சாஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க ராணுவத்தில் இருந்த தமிழர்கள் சிலர் இங்கே எழுதுகிறார்கள் என்று பழைய இழைகளில் பார்த்தேன், அதனால்தான் கேட்கிறேன். என் கணவர் மேவ்னி திட்டத்தில் சேர்ந்தவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருந்தவர்களையும் சில மொழிகள் தெரிந்தால் படையில் சேர்த்துக்கொண்டு குடியுரிமை கொடுத்தார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2011, 2012-இல் ஆப்கானிஸ்தானில் பாக்ராமில் இருந்தார், வண்டி பழுது பார்க்கும் வேலை. அங்கே குப்பையை எல்லாம் திறந்த குழியில் போட்டு எரிப்பார்களாம், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, பெயின்ட் டப்பா, மருத்துவமனைக் கழிவு எதையும் பிரிப்பது கிடையாது, பற்ற வைக்க விமான எரிபொருள். இந்தக் குழியைத்தான் பர்ன் பிட் என்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பட்டறைக்குள்ளேயே புகை வந்துவிடும் என்பார். கருப்பாகச் சளி வரும், எல்லாருக்கும் வந்தது, அதற்குப் போய் யார் டாக்டரிடம் நிற்பார்கள் என்று விட்டுவிட்டார்களாம்.

ராணுவத்தை விட்டு வந்த பிறகு 2019-இல் ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னார். அதற்கு முன் அவருக்கோ அவர் வீட்டில் யாருக்கோ இளைப்பு கிடையாது. தினமும் இன்ஹேலர், பனிக்காலம் வந்தால் பிரெட்னிசோன் மாத்திரை, சைனஸ் வேறு விடாமல் தொல்லை. மாடிப்படி ஏறிவிட்டு நின்று மூச்சு வாங்குகிறார். ஓட்டத்தில் பட்டாலியனில் பெயர் வாங்கிய ஆள் இவர்.

வி.ஏ., அதாவது அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறையிடம், இந்த நோய்க்கு மாதத் தொகை கேட்டு கிளெய்ம் போடலாம் என்று சொன்னால் கோபப்படுகிறார். எனக்குக் கை கால் போகவில்லை, போனவர்கள் வாங்கட்டும் என்கிறார். நான் அவரிடம் பேசுவதற்கு முன்னால் விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள நினைக்கிறேன். பணியில் இருந்தபோது மூச்சுப் பிரச்சினைக்காகச் சிகிச்சை எடுத்ததாக ஒரு தாள்கூட இல்லை, அது இல்லாமல் முடியுமா? பல வருஷத்துக்கு முன்பு பர்ன் பிட் பதிவேட்டில் பெயர் கொடுத்திருக்கிறார், அது விண்ணப்பமாகக் கணக்கில் வருமா? அப்புறம் ஒரு கம்பெனியிலிருந்து போன் செய்தார்கள், நாங்கள் வாங்கித் தருகிறோம், உயரும் மாதத் தொகையைப் போல ஐந்து மடங்கு எங்களுக்குக் கொடுத்தால் போதும் என்றார்கள், இது சரிதானா? கடைசியாக, ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் ரிசல்ட் ஒன்றும் மோசமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் தள்ளிவிடுவார்களா?


பழைய_சார்ஜென்ட் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் ராணுவத்தில் இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன், ஈராக் இரண்டு தடவை. இப்போது ஒரு முன்னாள் படைவீரர் சங்கத்தில் கிளெய்ம் போட உதவுகிறேன், சம்பளம் கிடையாது.

முதலில் அவசரமான ஒன்று. பதிவேடு வேறு, கிளெய்ம் வேறு. 2014-இல் திறந்த அந்தப் பதிவேடு ஆராய்ச்சிக்காகப் பெயர் சேர்ப்பது, அதில் பெயர் இருப்பதால் ஒரு டாலர்கூட வராது. நிறையப் பேர் அதில் எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. அதனால் இன்று ராத்திரியே ‘இன்டென்ட் டு ஃபைல்’, அதாவது கிளெய்ம் போடப் போகிறேன் என்ற முன்னறிவிப்பு, போடுங்கள். 21-0966 என்ற படிவம், அல்லது வி.ஏ. தளத்தில் அவர் கணக்கில் நுழைந்து கிளெய்மைத் தொடங்கினாலே அந்தத் தேதி பதிவாகிவிடும், போனில் சொன்னாலும் போதும். அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் முழு விண்ணப்பம், அதாவது 21-526ஈஇசட், கொடுத்தால் பணம் அந்த முதல் தேதியிலிருந்து கணக்காகும். அவர் மனசு மாறுவதற்கு ஆறு மாதம் ஆனாலும் தேதி உங்கள் கையில் இருக்கும். ஆனால் அவர்தான் போட வேண்டும், அவருக்குத் தெரியாமல் நீங்கள் போட முடியாது, போடவும் வேண்டாம்.

பணியில் இருந்தபோது தாள் இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன். முன்பு இதுதான் எல்லாரையும் கவிழ்த்தது. புகைதான் காரணம் என்று நீ நிரூபி என்றார்கள். எந்தக் குழியில் எந்த நாளில் என்ன எரிந்தது என்று ஒரு சிப்பாய் எப்படி நிரூபிப்பான்? பர்ன் பிட் என்று சொல்லி வந்த கிளெய்ம்களில் நான்கில் மூன்றுக்கு மேல் தள்ளப்பட்டன. 2022 ஆகஸ்ட் 10 அன்று பாக்ட் சட்டம் கையெழுத்தானதும் அந்தச் சுமை இறங்கியது. குறிப்பிட்ட நாடுகளில் குறிப்பிட்ட காலத்தில் இருந்தால் புகையும் தூசியும் உள்ளே போயிருக்கும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது, பட்டியலில் உள்ள நோய் வந்திருந்தால் அதற்கு அதுதான் காரணம் என்றும் ஒப்புக்கொள்கிறது. குழி பக்கத்தில் நின்றேன் என்றுகூடக் காட்ட வேண்டாம். ஆப்கானிஸ்தானுக்கு 2001 செப்டம்பர் 11-லிருந்து கணக்கு. ஜிபூட்டி, ஜோர்டான், சிரியா, உஸ்பெகிஸ்தான், ஏமன் போன்றவையும் அதே தேதியில் வருகின்றன. ஈராக், குவைத், சவுதி, கத்தார், பஹ்ரைன், ஓமன், எமிரேட்ஸ், சோமாலியா என்றால் 1990 ஆகஸ்ட் 2-லிருந்தே. குவைத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்த காலத்தில் இருந்தவர்களும் அதில் அடங்குவார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு, பணியை விட்ட பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஆஸ்துமா பட்டியலில் இருக்கிறது. நாள்பட்ட சைனஸ் அழற்சி, நாள்பட்ட மூக்கு அழற்சி இரண்டும் இருக்கின்றன. ஆக உங்களுக்குத் தேவை மூன்று. அங்கே இருந்தார் என்பதற்கு டிடி 214 என்ற பணி விடுவிப்புச் சான்று, அதன் குறிப்புகள் பகுதியில் ஆப்கானிஸ்தானில் இருந்த தேதிகள் பெரும்பாலும் இருக்கும். டாக்டர் எழுதிய நோயின் பெயர், 2019-இன் தாளோடு. இப்போது எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதற்கு மருந்துச் சீட்டுகள். தனியார் டாக்டரிடமிருந்து தாள்களை நீங்களே வாங்கி ஏற்றிவிடுங்கள், வி.ஏ. கேட்டு வாங்கட்டும் என்று விட்டால் மாதங்கள் போகும். நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டு என்று டாக்டர் எழுதும் ‘நெக்ஸஸ் லெட்டர்’ வேண்டும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறார்கள், பட்டியலில் உள்ள நோய்க்கு அது வேண்டியதே இல்லை.

ஒரு சின்ன நுணுக்கம், உங்கள் விஷயத்தில் பணமாகவே வரக்கூடியது. சட்டம் வந்த நாளிலேயே அவருக்கு இந்த நோய் இருந்தது, இன்று வரை விடவில்லை. அப்படிப்பட்டவர்கள் தாமதமாகப் போட்டாலும் கிளெய்ம் வந்து சேர்ந்த நாளுக்கு ஒரு வருஷம் பின்னால் வரை தேதி கேட்க விதி இடம் கொடுக்கிறது, 38 சி.எஃப்.ஆர். 3.114. உதவுகிறவரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பலர் பார்ப்பதில்லை.

கம்பெனிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுங்கள். முதல் கிளெய்ம் தயாரித்துக் கொடுக்க யாரும் ஒரு பைசா வாங்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டம். அங்கீகாரம் பெற்ற வக்கீல்கூட முதல் தீர்ப்பு வந்த பிறகு, அதை எதிர்த்துப் போகும்போதுதான் கட்டணம் வாங்கலாம். 2006-இல் இதற்கான தண்டனைப் பிரிவை எடுத்துவிட்டார்கள், அந்த ஓட்டையில் முளைத்தவைதான் இந்தக் கம்பெனிகள், எங்கள் ஆட்கள் இவர்களைச் சுறா என்றுதான் சொல்கிறோம். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் உதவி எல்லாம் இலவசம். நீங்கள் டெக்சாஸ் என்பதால் டெக்சாஸ் வெட்டரன்ஸ் கமிஷன் ஆட்களும் உண்டு, உங்கள் கவுன்டியிலேயே ஒரு சேவை அதிகாரி இருப்பார். யாராக இருந்தாலும் பெயரை வி.ஏ. தளத்தில் போட்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். அந்தக் கம்பெனிக்கு அவருடைய வி.ஏ. பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.


ஆர்டி_கவிதா எழுதியது:

சார்ஜென்ட் அண்ணா சொன்னதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை, மீனாவின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் மூச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன், அந்த ஊதும் பரிசோதனையைத் தினமும் எடுக்கிறவள்.

ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். காலையில் இன்ஹேலர் அடித்துவிட்டு வந்து ஊதினால் எண் நன்றாகத்தான் வரும், அதை வைத்து இவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. வி.ஏ. விதியும் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்துமாவுக்கான சதவீதம், அதாவது நோயின் கடுமைக்கு வி.ஏ. போடும் மதிப்பீடு, எஃப்.இ.வி.1 எண்ணை (முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) வைத்து வரலாம், அல்லது எடுக்கும் சிகிச்சையை வைத்து வரலாம், நடுவில் இருக்கும் சொல் ‘அல்லது’, ஒன்று பொருந்தினால் போதும். தினமும் இன்ஹேலர் என்றால் 30 சதவீதம். வருஷத்தில் மூன்று தடவையாவது பிரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை அல்லது ஊசி கோர்ஸ் என்றால் 60 சதவீதம். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டும் அந்த மூன்றில் சேராது, உடம்பு முழுக்கப் போவதுதான் கணக்கு.

அதனால் மீனா, நாளைக்கே ஃபார்மசிக்குப் போய் கடந்த இரண்டு மூன்று வருஷத்து மருந்துப் பட்டியலை அச்செடுத்து வாங்குங்கள். பனிக்காலத்தில் பிரெட்னிசோன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், அந்த வரி உங்கள் கிளெய்மில் 30-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம். அவசர சிகிச்சைக் கிளினிக்குகளில் எழுதிக் கொடுத்த கோர்ஸ்கள் குடும்ப டாக்டரின் ஃபைலில் இருக்காது, அவற்றைத் தனியாகத் தேட வேண்டும். சைனஸுக்கும் அப்படித்தான், ஒரு வருஷத்தில் எத்தனை முறை தலைவலி, முகவலி, சீழ்ச் சளியோடு வந்தது என்ற எண்ணிக்கைதான் சதவீதத்தைத் தீர்மானிக்கிறது. மூன்றிலிருந்து ஆறு முறை என்றால் 10, ஆறுக்கு மேல் என்றால் 30. ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஊதும் சோதனை நன்றாக இருந்து, ஸ்கேனும் தெளிவாக இருந்து, ஆனால் ஆள் மட்டும் படியேற முடியாமல் திணறினால் ஆஸ்துமா என்ற பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழாய்களில் தழும்பு விழும் நோய் ஒன்று உண்டு, கன்ஸ்டிரிக்டிவ் பிராங்கியோலைட்டிஸ் என்று பெயர். அது சாதாரணச் சோதனைகளில் தெரியாமலே இருக்கலாம். கென்டக்கி ஃபோர்ட் கேம்ப்பெல்லில் இருந்த வீரர்கள் ஈராக்கிலிருந்து திரும்பிய பின் ஓட முடியவில்லை என்று வந்தபோது, வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ராபர்ட் மில்லர் அவர்களில் பலரைத் திசு எடுத்துப் பார்க்க அனுப்பினார். 80 பேரைப் பரிசோதித்ததில் 49 பேருக்குத் திசு எடுத்தார்கள், 38 பேருக்கு இந்த நோய். அவர்களில் பலர் 2003-இல் மோசுல் பக்கம் மிஷ்ராக் கந்தகச் சுரங்கம் எரிந்தபோது அந்தப் புகையில் இருந்தவர்கள். 2011-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. அதுவரை உங்கள் சோதனை நார்மல், மனசுதான் காரணம் என்று கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் இவர்கள். இப்போது அந்த நோயும் பாக்ட் பட்டியலில் இருக்கிறது.

திசு எடுப்பது அறுவை சிகிச்சை, அதற்கு ஓட வேண்டாம். நடக்க வைத்து எடுக்கும் சோதனை, முழு நுரையீரல் சோதனை, மூச்சை வெளியே விட்ட நிலையில் ஒரு சி.டி., இவற்றைச் செய்யச் சொல்லி நுரையீரல் டாக்டரிடம் கேளுங்கள். போருக்குப் போவதற்கு முன் அவர் இரண்டு மைல் எத்தனை நிமிஷத்தில் ஓடினார் என்பது பழைய பி.டி. (உடல் தகுதி) தேர்வுத் தாளில் இருக்கும், அதையும் எடுத்துப் போங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது எந்த ஸ்கேனையும் விட அதிகம் சொல்லும்.


வசந்தி_ஜெர்சி எழுதியது:

மீனா, உங்கள் கணவர் சொன்ன வாக்கியத்தை என் கணவரும் அப்படியே சொன்னார், அதனால்தான் எழுதுகிறேன். அவர் ஈராக்கில் பலாடில் இருந்தார். அங்கே இருந்த குழி பத்து ஏக்கர் அளவு, ராத்திரி பகல் எரியும். 2006-லேயே விமானப் படையின் சுற்றுச்சூழல் பொறியாளர் ஒருவர் இது உடல்நலத்துக்கு ஆபத்து என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகும் வருஷக் கணக்கில் எரித்தார்கள். என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய், 2021-இல் போய்விட்டார். கடைசி வரை ஒரு தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

சட்டம் வந்த பிறகு நான் டி.ஐ.சி.க்கு, அதாவது இறந்தவரின் துணைக்கான தொகைக்கு, 21பி-534ஈஇசட் போட்டேன். கணையப் புற்றுநோய் பட்டியலில் இருந்ததால் கிடைத்தது. சட்டத்துக்கு முன்பே இறந்தவர்களின் குடும்பமும் கேட்கலாம், முன்பு மறுக்கப்பட்டவர்களும் திரும்பக் கேட்கலாம், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று சொல்கிறேன். ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போதே போட்டிருந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம், அந்தக் கடைசி மாதங்களில் லாரி ஓட்டப் போயிருக்க வேண்டாம். கிளெய்ம் நடந்துகொண்டிருக்கும்போது அவர் போயிருந்தால்கூட ஒரு வருஷத்துக்குள் நான் அவர் இடத்தில் நின்று அதைத் தொடர்ந்திருக்கலாம். தொடங்காத கிளெய்மில் யாரும் நிற்க முடியாது.

இன்னொருவருடைய பங்கை எடுக்கிறோம் என்று அவர்கள் நினைப்பது தவறு, இதை நீங்கள் அவரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். இது பங்கு பிரிக்கும் பானை கிடையாது. கால் போனவருக்குச் சட்டப்படி என்ன வர வேண்டுமோ அது வந்துகொண்டேதான் இருக்கும், உங்கள் கணவர் வாங்குவதால் அதில் ஒரு டாலர் குறையாது. அந்தச் சட்டத்துக்கே ஒரு வீரரின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒஹாயோ தேசியக் காவல் படையைச் சேர்ந்த ஹீத் ராபின்சன், ஈராக்கில் இருந்தவர், நுரையீரல் புற்றுநோயில் 2020-இல் இறந்தார், அவருக்கும் கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. 2022 ஜூலைக் கடைசியில் செனட்டில் வாக்கெடுப்பு தடைபட்டபோது நோயோடு இருந்த வீரர்களும் விதவைகளும் வாஷிங்டனில் நாடாளுமன்றப் படிகளில் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள், வெயிலிலும் மழையிலும். ஆகஸ்ட் 2-ஆம் தேதி 86-க்கு 11 என்று நிறைவேறிய பிறகுதான் எழுந்தார்கள். உங்கள் கணவரைப் போல நான் கேட்க மாட்டேன் என்று சொல்லும் ஆட்களுக்காகவும்தான் உட்கார்ந்தார்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் கையால் ஒரு சாட்சிக் கடிதம் எழுதுங்கள், 21-10210 படிவம். மனைவி எழுதுவதை யார் மதிப்பார்கள் என்று நினைக்காதீர்கள், அதுவும் சான்றுதான். கஷ்டப்படுகிறார், பாவமாக இருக்கிறது என்று எழுதினால் பயனில்லை. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். திருமணமானபோது எப்படி இருந்தார், எந்த வருஷம் இருமல் தொடங்கியது, ராத்திரி எத்தனை தலையணை வைத்து உட்கார்ந்து தூங்குகிறார், போன பனிக்காலத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, பிள்ளைகளோடு எதை விளையாட முடியவில்லை. நோயைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டாம், அது டாக்டர் வேலை.


குவைத்_ரவி எழுதியது:

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். என் அண்ணன் பட்டுக்கோட்டைக்காரர், ராணுவ வீரர் கிடையாது. 2006 வாக்கில் குவைத்துக்கு வேலை என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பி, அங்கிருந்து ஈராக்குக்குக் கொண்டுபோய் அதே பலாட் தளத்தில் சமையல்கூடத்தில் போட்டார்கள். இந்தியர்கள் ஈராக்குக்கு வேலைக்குப் போக அப்போது நம் அரசு தடை வைத்திருந்தது, அதனால் பாஸ்போர்ட்டில் குவைத் மட்டும்தான். தங்குமிடத்திலிருந்து பார்த்தாலே அந்தப் புகை தெரியுமாம், குப்பை வண்டியில் ஏறிக் கொட்டும் வேலையையும் எங்கள் ஆட்களுக்குத்தான் கொடுப்பார்களாம், முகத்துக்குத் துண்டு மட்டும்தான். இப்போது நுரையீரலில் நார்த் தழும்பு என்று தஞ்சாவூரில் சொல்கிறார்கள், ஆக்சிஜன் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். அதே புகை, அதே தளம். அவருக்கு எதுவும் இல்லையா?


பழைய_சார்ஜென்ட் எழுதியது:

ரவி தம்பி, திசை திருப்பவில்லை, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. பலாடில் எனக்குச் சோறு போட்டவர்கள் கேரளா, தமிழ்நாடு, நேபாளம், இலங்கை ஆட்கள்தான். நாங்கள் ஒரு வருஷத்தில் திரும்பினோம், அவர்களில் பலர் மூன்று நான்கு வருஷம் அங்கேயே இருந்தார்கள்.

வி.ஏ.யும் பாக்ட் சட்டமும் அண்ணனுக்கு வராது, அது படையில் இருந்தவர்களுக்கு மட்டும். ஆனால் 1941-லிருந்து டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்று ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்கத் தளங்களில் ஒப்பந்தக்காரரிடமோ துணை ஒப்பந்தக்காரரிடமோ வேலை செய்தவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் வேலையால் வந்த காயத்துக்கும் நோய்க்கும் அந்த முதலாளி எடுத்த காப்பீடு பணம் தர வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் துறைதான் இதைப் பார்க்கிறது, எல்.எஸ்-203 என்ற படிவம். வேலை மூலம் வந்த நோய் என்றால், இந்த நோய்க்கும் அந்த வேலைக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். டாக்டர் எப்போது அப்படிச் சொன்னார் என்பது இங்கே உயிர்நாடி, அதனால் உடனே போடுங்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், வீரர்களுக்கு வந்ததுபோல் ‘புகைதான் காரணம்’ என்று சட்டமே ஒப்புக்கொள்ளும் வசதி இதில் கிடையாது. டாக்டர் எழுதித் தர வேண்டும், காப்பீட்டுக் கம்பெனி எதிர்க்கும். வக்கீல் தேவைப்படும், ஆனால் அவர் கட்டணத்தைத் தொழிலாளர் துறையோ நீதிபதியோ அனுமதித்தால்தான் வாங்க முடியும், முன்பணம் கேட்டால் ஆளை மாற்றுங்கள்.

அண்ணன் அங்கே இருந்தார் என்று காட்ட பாஸ்போர்ட்டை நம்ப வேண்டாம். தளத்தின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கூட வேலை செய்தவர்களின் எழுத்து, அப்போது அனுப்பிய போட்டோ, ஏதாவது ஒன்று வீட்டில் கிடக்கும். டிரங்குப் பெட்டி வரை தேடுங்கள். அட்டை கிடைத்தால் அதில் கம்பெனி பெயர் இருக்கும், அதை வைத்து யார் காப்பீடு என்று தொழிலாளர் துறையிடம் கேட்கலாம்.


மீனாள்_டெக்சாஸ் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வசந்தி அக்கா எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து சரி, இன்டென்ட் மட்டும் போடுகிறேன், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார். போட்டாகிவிட்டது. ஃபார்மசியில் பட்டியல் கேட்டிருக்கிறேன். அந்தக் கம்பெனி எண்ணைத் தடை செய்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். கிளெய்ம் போட்ட பிறகு டாக்டர் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்களாம், அதில் என்ன சொல்ல வேண்டும்? அவர் எந்த டாக்டரிடமும் எப்படி இருக்கிறீர்கள் என்றால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். அப்புறம் இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், சதவீதம் வந்தால் அதற்குத் தடையா?


பழைய_சார்ஜென்ட் எழுதியது:

வேலைக்குத் தடை இல்லை. எந்தச் சதவீதம் வாங்கினாலும் வேலை செய்யலாம், வேலையே செய்ய முடியாது என்று சொல்லித் தனியாகக் கேட்கும் பிரிவில் மட்டும்தான் அந்தக் கேள்வி வரும். வரியும் கிடையாது. 2025 கணக்கில் தனி ஆளுக்கு 30 சதவீதம் என்றால் மாதம் 537 டாலர், 60 என்றால் 1,395 டாலர், 30-ஐத் தொட்டாலே மனைவி பிள்ளைகளுக்கும் சேர்ந்து கூடும். இரண்டு நோய்க்கு வந்தால் நேராகக் கூட்ட மாட்டார்கள். 60-ம் 30-ம் 90 ஆகாது, மீதி இருக்கும் 40-இல் 30 சதவீதம் எடுத்து 72, அதைச் சுற்றி 70. இந்தக் கணக்கில் எல்லாரும் ஏமாந்ததாக நினைக்கிறார்கள், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பரிசோதனையை சி அண்ட் பி என்பார்கள். பெரும்பாலும் வெளி ஒப்பந்த டாக்டர்தான் செய்வார், அவர் சிகிச்சை தர வரவில்லை, படிவத்தை நிரப்ப வருகிறார். அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும், எடுக்கச் சொல்லுங்கள், போகாமல் விட்டால் கிளெய்ம் கவிழும். உள்ளே போனதும் எப்படி இருக்கிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்பார்கள். இவர் ‘ஐ ஆம் ஃபைன்’ என்று சொன்னால் அதுவும் அறிக்கையில் ஏறிவிடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்று பரவாயில்லை, ஆனால் போன பனிக்காலத்தில் இப்படி இருந்தேன் என்று மோசமான நாளைச் சொல்ல வேண்டும். மிகைப்படுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மருந்துப் பட்டியலின் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். படிக்கட்டு, ராத்திரித் தூக்கம், வேலைக்குப் போகாத நாட்கள் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகட்டும். அனுமதித்தால் நீங்களும் கூடப் போங்கள்.

தீர்ப்பு எதிராகவோ குறைவாகவோ வந்தால் பதற வேண்டாம், ஒரு வருஷம் இருக்கிறது. புதுச் சான்று இருந்தால் 20-0995, அதே சான்றை மூத்த அதிகாரி பார்க்கட்டும் என்றால் 20-0996, அதுவும் இல்லையென்றால் வாரியத்துக்கு மேல்முறையீடு. ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒன்றில் நுழைந்தால் முதல் தேதி போகாது. தீர்ப்புக் கடிதம் வந்ததும் பெயர், எண்களை மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள், காரணம் எழுதியிருக்கும் பக்கத்தை மறக்காமல் சேர்த்து.


குவைத்_ரவி எழுதியது:

அண்ணி பெட்டியில் தேடி அட்டையை எடுத்துவிட்டார்கள். போட்டோவும் கம்பெனி பெயரும் தேதியும் தெளிவாக இருக்கின்றன, பின்பக்கம் கொஞ்சம் அழிந்திருக்கிறது. கூட வேலை செய்த ஒருவர் மன்னார்குடியில் இருக்கிறார், அவருக்கும் இருமலாம். சார்ஜென்ட் அண்ணா, அவரும் தனியாக எல்.எஸ்-203 போட வேண்டுமா, இல்லை இருவரும் சேர்ந்தே போடலாமா?


பழைய_சார்ஜென்ட் எழுதியது:

ஆளுக்கு ஒரு படிவம், தனித்தனியாக. ஒருவருக்கொருவர் சாட்சி எழுதிக் கொடுக்கலாம், அது இரண்டு பேருக்கும் பலம். மன்னார்குடிக்காரரை முதலில் நுரையீரல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அட்டையின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசலை யாருக்கும் தபாலில் அனுப்ப வேண்டாம்.